தடைக்காலத்தில் வந்து நிற்கும் பள்ளிக் கட்டணம்

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் மண்டபம் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் விசைப்படகில் பங்குக்குப் போகிறார். சொந்தப் படகு கிடையாது. நல்ல மாதத்தில் கைக்கு 18,000 ரூபாய் வரும். ஐப்பசி, கார்த்திகையில் 8,000 வந்தாலே பெரிது. மீன்பிடித் தடைக்காலம் இரண்டு மாதமும் ஒன்றும் இல்லை. நான் மீன் எடுத்துக் கருவாடு போட்டு விற்கிறேன். செலவு போக மாதம் 3,000 நிற்கும்.

மகள் மெட்ரிக் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். கட்டணம் 28,000. வேனுக்கு மாதம் 1,000. புத்தகம், யூனிபார்ம், ஷூ எல்லாம் சேர்த்து 7,000. போன ஜூனில் என் சங்கிலியை அடகுக்கடையில் வைத்து 30,000 வாங்கித்தான் சமாளித்தோம். 2 ரூபாய் வட்டி. இன்னும் திருப்பவில்லை. இந்த ஆண்டுக் கட்டணத்தில் 9,000 பாக்கி வேறு. கட்டாவிட்டால் டி.சி. தர மாட்டோம் என்கிறார்கள்.

மகனுக்கு மே மாதம் மூன்று வயது முடிகிறது. அவனையும் அதே பள்ளியில் எல்.கே.ஜி. சேர்க்கச் சொல்கிறார்கள். 24,000 ஆகும். என் மாமியார் அரசுப் பள்ளியில் போடச் சொல்கிறார். என் அக்கா பிள்ளைகள் எல்லாம் வேனில்தான் போகிறார்கள். நான் எட்டாவதோடு நின்றவள். மகள் இங்கிலீஷ் புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கும்போது எனக்குக் கண் நிறைந்துவிடும். இரண்டு பேரையும் அங்கேயே படிக்கவைக்க வழி சொல்லுங்கள். குறைந்த வட்டிக்குக் கடன் எங்கே கிடைக்கும்?

– ஒரு வாசகி, மண்டபம் வட்டாரம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

கணக்கு மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். வருமானத்தைக் கூட்டியும் செலவைக் குறைத்தும் சொல்லிவிட்டு ஆலோசனை கேட்பவர்கள்தான் அதிகம். நீங்கள் உள்ளதை உள்ளபடி சொன்னதால் நானும் நேராகச் சொல்கிறேன். மகளை இன்னும் சில ஆண்டுகள் அந்தப் பள்ளியில் வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. நெருக்கித்தான் செய்ய வேண்டும், ஆனால் முடியும். இருவருக்கும் அங்கே கட்டணம் கட்டுவது உங்கள் வருமானத்தில் முடியாது. அதற்காகக் கடன் எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. சொன்னால் உங்களுக்குத் தீங்கு செய்தவன் ஆவேன்.

ஏன் முடியாது என்பதை எண்ணிலேயே பார்த்துவிடுவோம். நல்ல மாதம் எட்டு, மாதம் 18,000 என்றால் 1,44,000. மழைக்கால மாதம் இரண்டில் 16,000. தடைக்காலத்தில் பூஜ்யம். கருவாட்டில் பத்து மாதத்துக்கு 30,000. ஆக மொத்தம் ஆண்டுக்கு 1,90,000. மகளுக்குக் கட்டணம், வேன், புத்தகம் எல்லாம் சேர்த்து 45,000. மகனுக்குக் கட்டணம் 24,000, வேன் 10,000, மற்றது 5,000 என்று வைத்தால் 39,000. இரண்டும் சேர்ந்து 84,000. வீட்டுக்கு வரும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 44 ரூபாய் பள்ளிக்கே போய்விடும். அரிசி, மருந்து, கல்யாணம் காதுகுத்து மொய், அடகு வட்டி எல்லாம் மிச்சத்தில்தான். அதோடு, இந்த 84,000 அப்படியே நிற்காது. ஆண்டுக்குப் பத்து சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், இன்றைக்கு 28,000 ஆக இருக்கும் கட்டணம் மகள் பத்தாம் வகுப்புக்கு வருவதற்குள் 60,000-ஐத் தாண்டிவிடும். உங்கள் வீட்டுக்காரரின் பங்கு அப்படி ஏறும் என்று எந்தப் படகுக்காரரும் எழுதித் தர மாட்டார்.

ஆனால் தொகையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது மாதம்தான். இந்தக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. பள்ளிகள் திறப்பது ஜூனில். அதாவது உங்கள் வீட்டில் ஆண்டிலேயே காசு அற்றுப்போயிருக்கும் வாரத்தில்தான் ஆண்டின் மிகப் பெரிய செலவு வாசலில் வந்து நிற்கிறது. மாதச் சம்பளக்காரர் வீட்டில் ஜூன் இன்னொரு மாதம், அவ்வளவுதான். உங்களுக்கு அப்படி இல்லை. போன ஜூனில் சங்கிலி அடகுக்குப் போனது நீங்கள் ஊதாரித்தனம் செய்ததால் அல்ல. பள்ளியின் காலண்டரும் கடலின் காலண்டரும் மோதிக்கொண்டதால்தான். வருமானம் கூடாவிட்டாலும் இந்த மோதலைத் தவிர்க்க முடிந்தால் பாதிப் பாரம் இறங்கிவிடும். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் சங்கிலி. 30,000-க்கு 2 ரூபாய் வட்டி என்றால் மாதம் 600, ஆண்டுக்கு 7,200. நூற்றுக்கு 24 சதவீதம். அதே சங்கிலியைக் கூட்டுறவு வங்கியிலோ அரசுடைமை வங்கியிலோ வைத்தால் ஆண்டு வட்டி ஏறக்குறைய 9, 10 சதவீதத்தில் முடிந்துவிடும். மாதம் 250 ரூபாய் போதும். ஆண்டுக்கு 4,000-க்கு மேல் மிச்சம். மகளின் புத்தகச் செலவில் பாதிக்கு மேல் அதிலேயே வந்துவிடும். அடகுக்கடையிலிருந்து மீட்க ஒருநாள் கைமாற்று வேண்டியிருக்கும். அண்ணன் தம்பியிடமோ உங்கள் மகளிர் குழுவிலோ காலையில் வாங்கி, நகையை மீட்டு, வங்கியில் வைத்து, அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வங்கிக்குப் போகும் முன் ஆதார் அட்டை, பாஸ்புக் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் கடன் வாங்கச் சம்மதிக்கிறேன், ஏனென்றால் இது புதுக்கடன் அல்ல. மீட்டர் வட்டி, கந்து வட்டிக்காரர் யாரும் பள்ளிக் கட்டணத்தின் பெயரில் வீட்டுப் படி ஏறக் கூடாது. வாராவாரம் வசூலுக்கு வரும் குழுக்கடனும் உங்களுக்கு ஆகாது. படகு போகாத வாரத்திலும் அவர்கள் வருவார்கள்.

அடுத்தது பணம் ஒதுக்கும் முறை. மாதக் கணக்கில் சேமிக்கச் சொன்னால் உங்கள் வீட்டில் நடக்காது. உங்கள் வீட்டுக்காரருக்குச் சம்பளம் மாதம் பிறந்தால் வருவதில்லை, படகு கரைக்கு வந்தால் வருகிறது. அதனால் போய்வரும் நடைகளை வைத்துக் கணக்குப் போடுங்கள். வாரம் மூன்று முறை படகு போகிறது என்றால் மாதம் 12 நடை. 18,000-ஐ 12-ஆல் வகுத்தால் ஒரு நடைக்கு 1,500. அதில் 400 ரூபாய் பள்ளிப் பணம். பங்குக் காசு வீட்டுக்கு வந்த அன்றைக்கே, அரிசிக் கடை பாக்கிக்கு முன்னாலேயே, அது தனியாகப் போய்விட வேண்டும். உங்கள் பெயரில் தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்று, தபால் நிலையத்திலோ வங்கியிலோ. ஏ.டி.எம். அட்டை அதற்கு வேண்டாம்.

ஜூன் 15-க்குப் பிறகு ஐப்பசி நடு வரை ஏறத்தாழ நான்கு மாதம், 48 நடை. 19,200 சேரும். வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளிக்கும் நாட்களில் 15 நடைதான் கிடைக்கும், அதிலும் 200 ரூபாய்தான் எடுக்க முடியும் என்று வைப்போம். 3,000. மார்கழி நடுவிலிருந்து தடைக்காலம் வரை 42 நடைக்கு 16,800. ஆகக் கூட்டினால் 39,000. மகளுக்கு வேண்டியது 45,000. பாக்கி 6,000-க்கு வழி இருக்கிறது, அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மீனவர் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டத்தில் நீங்கள் 1,500 ரூபாய் தவணையாகக் கட்டினால் மத்திய, மாநில அரசுகளின் பங்கு 3,000 சேர்ந்து 4,500 ஆகத் திரும்பி வரும். மீனவ மகளிருக்கும் இதேபோல் தனித் திட்டம் உண்டு. ஆணுக்கு மீனவர் கூட்டுறவுச் சங்கம், பெண்ணுக்கு மீனவ மகளிர் கூட்டுறவுச் சங்கம், இரண்டிலும் உறுப்பினராக இருக்க வேண்டும். இருவரும் சேர்ந்தால் நிகரமாக 6,000 கிடைக்கும். உங்கள் கடிதத்தில் சங்கத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உறுப்பினர் இல்லை என்றால் முதல் வேலையாகச் சேருங்கள். மீனவர் நல வாரியத்திலும் பதிவு செய்யுங்கள். பிள்ளைகள் மேல்வகுப்புக்குப் போகும்போது கல்வி உதவித்தொகைக்கு அந்தப் பதிவு வேண்டும்.

தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாயையும் மீன்பிடிப்பு குறைந்த காலத்துக்கான 6,000-ஐயும் இந்தக் கணக்கில் நான் வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. அது சாப்பாட்டுப் பணம். அதில் கைவைத்துப் பள்ளிக்குக் கட்டினால் மே மாதம் மறுபடி அடகுக்கடைதான். தடைக்காலம் இரண்டு மாதத்துக்கும் வீட்டுச் செலவு 24,000 ஆகும் என்றால், நிவாரணம் போக 16,000 துண்டு விழும். அதற்கு நல்ல மாதங்களில் மாதம் 2,000 எடுத்து வைக்க வேண்டும். ஒரு நடைக்கு 400 போக மிஞ்சும் 13,200, உங்கள் கருவாட்டுக் காசு 3,000, அதிலிருந்து இந்த 2,000. மிச்சம் 14,200-இல் குடும்பம் ஓட வேண்டும். நகை வட்டி 250-உம் அதிலேதான். இப்போது பாருங்கள், மகள் ஒருத்திக்குக் கட்டுவதற்கே கணக்கு எல்லைக்கு வந்துவிட்டது. ஒரு காய்ச்சல், ஒரு எஞ்சின் பழுது, கடலில் ஒரு கெட்ட செய்தி, எது வந்தாலும் கலைந்துவிடும். இலங்கைக் கடற்படை பிடித்துப்போன படகுகளில் வேலைபார்த்த குடும்பங்கள் உங்கள் தெருவிலேயே இருக்கலாம். அந்த மாதங்கள் எப்படிப் போகும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

இப்போது பள்ளியோடு பேச வேண்டியது. நீங்கள் கடிதம் எழுதும் இந்த மாசி மாதத்திலிருந்து தடைக்காலத்துக்கு இன்னும் எட்டு வாரம் இருக்கிறது. வாரம் மூன்று நடை, 24 நடை, 400 வீதம் 9,600. பாக்கி 9,000 அதில் அடைந்துவிடும். இதைச் சொல்லி, அடுத்த ஆண்டுத் தவணைக்கும் இப்போதே எழுத்தில் கேளுங்கள். ஜூனில் போய் அலுவலக வாசலில் நின்று கேட்பதற்கும் பிப்ரவரியில் கடிதம் கொடுத்துக் கேட்பதற்கும் மிகுந்த வித்தியாசம் உண்டு. இப்படி எழுதுங்கள்: “என் கணவர் விசைப்படகுத் தொழிலாளி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எங்களுக்கு வருமானம் இல்லை. இந்த ஆண்டுப் பாக்கி 9,000 ரூபாயை ஏப்ரல் 15-க்குள் கட்டிவிடுகிறேன். அடுத்த ஆண்டுக் கட்டணத்தை ஜூலை, செப்டம்பர், பிப்ரவரி என மூன்று தவணையாகக் கட்ட அனுமதி வேண்டுகிறேன்.” இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பள்ளி முத்திரையுடன் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கடற்கரையில் பள்ளி நடத்துபவர்களுக்கு இந்த 61 நாள் என்னவென்று தெரியும். தெரியாததுபோல் இருக்கும் பள்ளியில் பிள்ளையை வைத்திருப்பதே யோசிக்க வேண்டிய விஷயம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை ஒழுங்குபடுத்த 2009-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு பள்ளிக்கும் வகுப்புவாரியாகக் கட்டணம் நிர்ணயிக்கும். அதற்கு மேல் வாங்கக் கூடாது. நீங்கள் கட்டும் 28,000-இல் நிர்ணயித்த கட்டணம் எவ்வளவு, ‘ஸ்மார்ட் கிளாஸ்’, ‘ஆக்டிவிட்டி’ என்று சேர்த்தது எவ்வளவு? ரசீதைப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். நிர்ணய உத்தரவின் நகலையும் கேளுங்கள். சண்டைக்குப் போக வேண்டாம், கேட்டாலே போதும். துண்டுச் சீட்டில் எழுதித் தரும் தொகைக்கு ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

டி.சி. பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, பிள்ளை வேறு பள்ளிக்குப் போக விரும்பினால் தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே தர வேண்டும் என்கிறது. அது வரத் தாமதமானாலும் அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ சேர்க்க மறுக்கக் கூடாது. கட்டணப் பாக்கியை வசூலிக்கும் கருவியாக டி.சி.யைப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. எமிஸ் எண்ணை, அதாவது கல்வித் துறையின் கணினிப் பதிவில் பிள்ளைக்கு உள்ள எண்ணை, விடுவிக்காமல் இழுத்தடித்தால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் போங்கள். பாக்கியைக் கட்டத்தான் வேண்டும், அது உங்கள் வாக்கு. ஆனால் அதற்குப் பிள்ளையைப் பிணையாக வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

இனி மகன். அவனுக்கு 24,000 கட்ட வேண்டாம். கல்வி உரிமைச் சட்டத்தின்படி சிறுபான்மை அந்தஸ்து இல்லாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை ஒதுக்க வேண்டும், அரசு அதற்குரிய கட்டணத்தைப் பள்ளிக்குத் தரும், எட்டாம் வகுப்பு வரை. ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருந்தால் நீங்கள் விண்ணப்பிக்கலாம். ஜூலை 31-இல் மூன்று வயது முடிந்திருக்க வேண்டும், உங்கள் மகனுக்கு முடிந்திருக்கும். அடுத்த ஆண்டுக்குத் தள்ளினால் எல்.கே.ஜி. வயது வரம்பைத் தாண்டிவிடுவான். ஆகவே வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், இருப்பிடச் சான்று எல்லாவற்றையும் இந்த மாதமே இ-சேவை மையத்தில் எடுத்து வையுங்கள்.

ஆனால் இதை நம்பி மட்டும் இருக்கக் கூடாது, மூன்று காரணங்கள். பள்ளி உங்கள் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். மகளுக்கு வேன் வைத்திருக்கிறீர்கள் என்றால் அந்தப் பள்ளி அநேகமாகத் தூரத்தில்தான் இருக்கும். இரண்டாவது, சிறுபான்மை நிறுவனங்கள் நடத்தும் பள்ளிகளுக்கு 2014-இல் உச்ச நீதிமன்றம் விலக்கு அளித்துவிட்டது. நம் கடற்கரையில் கிறிஸ்தவ, இஸ்லாமிய நிறுவனங்கள் நடத்தும் பள்ளிகள் நிறைய. அந்தஸ்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்றாவது, விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். 2025-இல் மத்திய நிதி வராமல் சேர்க்கையே தள்ளிப்போய் அக்டோபரில்தான் நடந்தது. நான்கு மாதம் எந்தப் பெற்றோரால் காத்திருக்க முடியும்? இடம் கிடைத்தால் மகிழ்ச்சி. வேன் செலவு அதில் சேராது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கிடைக்காவிட்டால் இரண்டு ஆண்டு அங்கன்வாடி, பிறகு அரசு அல்லது அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளி. மூன்று வயதுப் பையனுக்கு எல்.கே.ஜி.யில் 39,000 ரூபாய்க்கு ஏதாவது கற்றுத்தர முடியும் என்று நான் நம்பவில்லை. அந்த வயதில் அவனுக்கு வேண்டியது கதை, விளையாட்டு, சத்தான சாப்பாடு, பேச்சு. தமிழில் நன்றாகப் பேசிப் பழகிய பிள்ளைக்கு இங்கிலீஷ் பின்னால் வரும். சில அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களிலேயே 2019 முதல் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் நடக்கின்றன. உங்களுக்கு நடந்து போகும் தூரத்தில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள்.

அரசுப் பள்ளி என்று சொன்னதும் உங்களுக்கு மனம் சுருங்குவது எனக்குப் புரிகிறது. இந்த மாவட்டத்தில் யாராவது இந்தப் பேச்சை எடுத்தால் உடனே ராமேஸ்வரத்து அப்துல் கலாமைச் சொல்லி வாயடைத்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர் படித்த காலம் வேறு, இன்றைக்குப் பெற்றோர் படும் பயம் வேறு. இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்பைப் பார்க்கும் தொடக்கப் பள்ளிகள் கடற்கரையில் இருக்கத்தான் செய்கின்றன. எனவே பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நேரில் போய்ப் பாருங்கள். காலை எட்டரைக்குப் போனால் காலை உணவு பரிமாறுவதையும் பார்க்கலாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு, தமிழ்ப் புத்தகத்தில் நான்கு வரி வாசிக்கச் சொல்லுங்கள். கழித்தல் கணக்கு ஒன்று போடச் சொல்லுங்கள். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, எத்தனை ஆசிரியர்கள், ஆங்கில வழிப் பிரிவு உண்டா என்று கேளுங்கள். அதே நான்கு வரியையும் அதே கழித்தலையும் உங்கள் மகளிடமும் கொடுத்துப் பாருங்கள். வேனில் போகும் பிள்ளை, நடந்து போகும் பிள்ளை, யாருக்கு என்ன தெரிகிறது என்று அப்போது உங்கள் கண்ணாலேயே தெரிந்துவிடும். அக்கா வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். அவர்கள் வீட்டு அடகுச் சீட்டு உங்களுக்குத் தெரியாது.

மகள் விஷயத்தில் நான் சொல்வது இதுதான்: ஐந்தாம் வகுப்பு வரை இந்தப் பள்ளி, ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளி. ஏன் ஆறு? இப்போது இருக்கும் விதிகள் அந்த வகுப்பைத்தான் வாசலாக வைத்திருக்கின்றன. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் வந்துவிட்டது. அந்த இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் கிடைப்பதும் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை எங்கே படித்தாள் என்பதை வைத்துத்தான். உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் இப்போது அது உண்டு, ஆனால் 7.5 சதவீதம் அவர்களுக்குக் கிடையாது. பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள். எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி, திறன் தேர்வில் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். அது அரசு, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமே. மகனுக்கு 25 சதவீதத்தில் தனியார் பள்ளி கிடைத்தாலும், ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்துவிட்டால் 7.5 சதவீதம் அவனுக்கும் பொருந்தும்.

தனியார் பள்ளியில் பத்தாவது வரை கடன்பட்டுப் படிக்கவைத்து, பன்னிரண்டு முடித்ததும் “இனி நம்மால் முடியாது” என்று பெண்ணை நிறுத்திய வீடுகளை, நான் வங்கியில் வேலைபார்த்த காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். பையன் கடலுக்குப் போவான், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பார்கள். பணம் தேவைப்படும் ஆண்டுகள் கடைசியில் இருக்கின்றன, இவர்கள் முதலிலேயே செலவழித்துவிட்டார்கள். கல்லூரிக்காவது வங்கிக் கல்விக் கடன் உண்டு. 4 லட்சம் வரை அடமானம் கேட்க மாட்டார்கள், படிப்பு முடிந்த பிறகு திருப்பினால் போதும். எல்.கே.ஜி.க்கு அப்படி ஒரு கடன் இல்லை. அதற்குச் சங்கிலிதான் கழுத்திலிருந்து இறங்க வேண்டும்.

மகள் ஆறாம் வகுப்புக்குப் போனதும் நடைக்கு 400 எடுப்பதை நிறுத்திவிடாதீர்கள். முதலில் சங்கிலியை மீட்டுவிடுங்கள். அப்புறம் அந்தப் பணம் சேமிப்புக்கு. அதற்கான கணக்கை இப்போதே 250 ரூபாயில் தபால் நிலையத்தில் தொடங்கி வையுங்கள், செல்வமகள் சேமிப்புத் திட்டம். பத்து வயதுக்குள் தொடங்கினால்தான் உண்டு. ஆண்டுக்கு 250 கட்டினாலே கணக்கு உயிரோடு இருக்கும், கைக்குக் கூடுதலாக வரும்போது கூட்டிக்கொள்ளலாம். 2024 தொடக்கத்திலிருந்து வட்டி 8.2 சதவீதம். மகளுக்கு 18 வயது ஆனதும் படிப்புக்காக அதில் பாதி வரை எடுக்கலாம்.

ஒரு நிபந்தனையும் சொல்லிவிடுகிறேன். வரும் மார்கழி முடிவில் அந்தத் தனிக் கணக்கில் குறைந்தது 20,000 சேர்ந்திருக்க வேண்டும், ஜூலை, செப்டம்பர் தவணையாகக் கட்டியதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சேரவில்லை என்றால் ஐந்தாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த ஜூனிலேயே மகளையும் மாற்றிவிடுங்கள். நாலாவதில் மாறினாலும் அவள் கெட்டுப்போக மாட்டாள். கடன்காரர் வந்து வாசலில் சத்தம்போடும் வீட்டில் எந்தப் புத்தகத்தையும் பிள்ளையால் எழுத்துக்கூட்டி வாசிக்க முடியாது. மாற்றும்போது தண்டனைபோல் அவளிடம் சொல்லாதீர்கள். தம்பியும் அவளும் ஒரே பள்ளிக்கு நடந்தே போகப் போகிறார்கள் என்று சொல்லுங்கள். இங்கிலீஷ் வாசிப்பை வீட்டில் தினமும் தொடரட்டும், நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எட்டாவது வரை படித்தவர் நீங்கள், அவளோடு சேர்ந்து வாசிக்க அது தாராளமாகப் போதும்.

அரசுப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக முயற்சி செய்யுங்கள். முக்கால்வாசி உறுப்பினர்கள் பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதி பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆசிரியர் பற்றாக்குறையையும் கழிப்பறையையும் பற்றிக் கேட்க உரிமையுள்ள இடம் அது. வீட்டுக் கணக்கை இவ்வளவு தெளிவாக எழுதத் தெரிந்தவர் அந்தக் குழுவில் அவசியம் இருக்க வேண்டும்.

உங்கள் மாமியாரிடம் இந்தப் பதிலை வாசித்துக் காட்டுங்கள். வீட்டுக்காரரிடம் நடைக்கு 400 என்ற கணக்கைக் கடலுக்குப் போகாத நாளில் உட்கார்ந்து பேசுங்கள். அவர் சம்மதிக்காமல் இது ஒரு வாரம்கூட ஓடாது. நகையை மாற்றி வைத்ததும் பள்ளிக் கட்டண ரசீதின் விவரத்தோடு மறுபடி எழுதுங்கள். நிர்ணயக் கட்டணத்தோடு ஒப்பிட்டு, எந்தத் தொகையைக் கேள்வி கேட்கலாம் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
குடும்ப நிதி ஆலோசகர்